கொசப்பேட்டைப் பானையும் ஜப்பானியக் கிண்ணமும்

உங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை இருந்தால் அதன் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும். பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். உள்ளே உப்பும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் மாதக்கணக்கில் நின்றாலும் வெளிப்புறம் உலர்ந்தே இருக்கும். இரண்டும் களிமண்தான், இரண்டும் சூளையில் வெந்தவைதான். ஒன்று கசிகிறது, மற்றொன்று கசிவதில்லை. ஏன்?

ஆவியாதல் பற்றிப் பாடம் நடத்தும்போது நான் வழக்கமாகப் பானையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பானையின் நுண்துளைகள் வழியே நீர் வெளியே வருகிறது, அங்கே ஆவியாகிறது, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இவ்வளவுதான் பாடம். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு முதலாண்டு மாணவன் ஒருவன் மேசை அருகே வந்து நின்றான். "சார், அப்ப பானைங்கறது சரியா வேகாத ஜாடியா?" என்று கேட்டான். "ஒருவகையில் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவனுடைய தாத்தா கொசப்பேட்டையில் பானை வனைந்தவர் என்பதும், அதை அவன் வகுப்பில் எவரிடமும் சொன்னதில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் சொன்ன விடையும் தவறு. அதைத் திருத்திக்கொள்வதற்காகப் படித்தவற்றையும் கேட்டவற்றையுமே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வழி சற்றுச் சுற்றுவழி. ஜப்பான் வரை போய்த் திரும்ப வேண்டும்.

சூளைக்குள் நடப்பது என்ன?

களிமண்ணை வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் தண்ணீரில் போட்டால் மீண்டும் சேறாகிவிடும். ஏனெனில் காய்வது துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் மட்டுமே. களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே வேதிப் பிணைப்பாக வேறொரு நீர் இருக்கிறது. சூளையில் 500 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பநிலையில்தான் அந்த நீர் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அது பழைய களிமண் அல்ல. எத்தனை காலம் ஊறினாலும் கரையாது. நம் ஊர்ப் பானைகள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் வேகின்றன. துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. நடுவே இடைவெளிகள் அப்படியே நிற்கின்றன. அவையே பானையின் நுண்துளைகள்.

ஏற்ற களிமண்ணாக இருந்தால் வெப்பத்தை மேலும் ஏற்றலாம். 1,200 டிகிரியைத் தாண்டும்போது மண்ணிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் சிலிக்காவோடு சேர்ந்து உருகத் தொடங்குகின்றன. உருகிய அந்தக் கண்ணாடி இடைவெளிகளுக்குள் வழிந்து அவற்றை அடைத்துவிடுகிறது. பாண்டம் சுருங்குகிறது, இறுகுகிறது. தட்டினால் கணீரென ஒலிக்கிறது. இதையே ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் என்பர். நாம் கற்பாண்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் ஊறுகாய் ஜாடி இந்த இனம்.

எந்த வெப்பநிலையில் நிறுத்துவது என்பதைக் குயவர் எப்படி அறிகிறார்? கருவி ஏதும் வேண்டியதில்லை, கண் போதும். சூளையின் துளை வழியே தெரியும் ஒளி 700 டிகிரியில் மங்கிய சிவப்பு, 1,000 டிகிரி அளவில் செம்மஞ்சள், 1,250-க்கு மேல் வெண்மை கலந்த மஞ்சள். சூடான பொருள் வெளிவிடும் ஒளியின் நிறம் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் 1900-இல் சமன்பாடு தந்தார். குயவர்கள் அந்த நிறத்தை அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படிக்கத் தெரிந்தவர்கள்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் பானை பாதி வழியில் நின்றுவிட்டது, ஜாடி ஊர் போய்ச் சேர்ந்தது என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

சோற்றுக் கிண்ணம் தேசியச் செல்வமான கதை

ஜப்பானில் கியோட்டோ நகரின் தைதோக்குஜி மடாலயத்தைச் சேர்ந்த கோஹோஆன் என்ற கோயிலில் ஒரு கிண்ணம் இருக்கிறது. கிசாயெமோன் என்பது அதன் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் கொரியாவில் செய்யப்பட்டது. ஜப்பானிய அரசு அதைத் தேசியச் செல்வம் என்று அறிவித்துப் பாதுகாக்கிறது. பெட்டிக்குள் பெட்டியாக, துணிக்குள் துணியாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் அந்தக் கிண்ணத்தை 1931-ஆம் ஆண்டு யானகி சோயெட்சு என்ற அறிஞர் கையில் எடுத்துப் பார்த்தார். நீங்கள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மங்கிய பழுப்பு நிறம். உருவம் சீராக இல்லை. அடிப்பகுதியில் கண்ணாடிப் பூச்சு ஒழுங்காகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் திரண்டிருக்கிறது. யானகி இதை ஏழைக் கொரியர் தம் அன்றாட உணவுக்குப் பயன்படுத்திய மலிவான கிண்ணம் என்றே கருதினார். அதனால்தான் அதைப் போற்றினார்.

அந்தத் திட்டுகளைப் பற்றி இயற்பியல் ஆசிரியன் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. உருகிய பூச்சு மண்ணின்மேல் சரியாக ஒட்டாதபோது பரப்பு இழுவிசை அதைத் துளிகளாகத் திரட்டிவிடுகிறது. தாமரை இலையில் நீர் உருள்வதைப் போலத்தான். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டாளர் இதைக் குறை என்று ஒதுக்கிவிடுவார். ஜப்பானியத் தேநீர் ஆசான்களோ இதற்குக் கைராகி என்று தனிப் பெயரே வைத்துத் தேடித் தேடிப் பார்த்தார்கள்.

யானகி 1889-இல் பிறந்தவர். தொழிற்சாலைப் பொருள்கள் ஜப்பானிய வீடுகளில் நிறைந்துகொண்டிருந்த காலம் அது. பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் பயனுக்காகச் செய்த கிண்ணம், கூடை, துணி, தேநீர்க் கெண்டி ஆகியவற்றை எவரும் கலை என்று எண்ணவில்லை. 1925-இல் யானகியும், ஹமாடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற இரு குயவர்களும் சேர்ந்து இத்தகைய பொருள்களுக்கு 'மிங்கெய்' என்று பெயரிட்டனர். மக்கள் கைவினை என்பது அதன் பொருள். 1936-இல் இவற்றுக்கென்றே டோக்கியோவில் ஒரு காட்சியகமும் திறக்கப்பட்டது.

இந்த இருவரும் குயவர் என்றவுடன் பரம்பரைத் தொழிலாளர் என்று நினைத்துவிடாதீர்கள். டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் பீங்கான் தொழிலை அறிவியலாகப் பயின்று, கியோட்டோவின் ஆய்வு நிலையத்தில் பூச்சுகளைச் சோதித்தவர்கள். அப்படிப் படித்த ஹமாடா கடைசியில் மஷிகோ என்ற சிற்றூரில் குடியேறி, அங்கே கிடைத்த மண், அங்கே கிடைத்த கல், அங்கே கிடைத்த சாம்பல் என்று வாழ்ந்தார். வெண்ணிறப் பூச்சுக்கு அவர் பயன்படுத்தியது உமிச்சாம்பல்! உமிச்சாம்பலில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. நம் பாட்டிமார் உமிக்கரியை எடுத்துப் பல் துலக்கினார்கள். ஜப்பானியர் உமிச்சாம்பலைக் கிண்ணத்தின்மேல் உருக்கினார்கள்.

பிஜென் என்ற ஊரில் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே நெல்வயல்களின் அடியிலிருந்து களிமண் எடுக்கிறார்கள். பூச்சே கிடையாது. பைன் விறகு இட்டு ஒரு வாரம், சில சூளைகளில் இரண்டு வாரம்கூட எரிக்கிறார்கள். பாண்டத்தைச் சுற்றி வைக்கோலைக் கட்டி உள்ளே வைத்தால், வைக்கோலிலுள்ள பொட்டாசியம் மண்ணிலுள்ள இரும்போடு வினைபுரிந்து அந்த இடங்களில் செந்தழல் போன்ற கோடுகளை விட்டுச் செல்கிறது. வரைந்தவர் யாருமில்லை. நெல் விளையும் மண், நெல்லின் வைக்கோல், நெருப்பு, அவ்வளவுதான்.

பழவேற்காட்டு வழியே

ஜப்பானியர் அயல்நாட்டு எளிய பொருளைப் போற்றியது கொரியக் கிண்ணத்தோடு நிற்கவில்லை. நம் கடற்கரைக்கும் அதில் பங்கு உண்டு.

நான் குடியிருக்கும் எம்.கே.பி. நகரிலிருந்து வடக்கே எண்ணூரும் பொன்னேரியும் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுவே. ஜப்பானோடு வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஒரே ஐரோப்பியரும் 1639-க்குப் பிறகு அவர்கள்தாம். ஆகவே இந்தக் கரையில் நெய்து, சாயமேற்றி, அச்சிட்ட பருத்தித் துணிகள் டச்சுக் கப்பல்களில் நாகசாகி வரை போயின. அச்சிட்ட துணியை ஜப்பானியர் சரசா என்றனர். கோடு போட்ட துணிக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: சான்டோமே! நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான் அது. பெயர் தெரியாத நம் நெசவாளர் செய்த துணியின் சிறு துண்டுகளைக்கூட வீணாக்காமல், தேநீர்ப் பாத்திரங்களை வைக்கும் பைகளாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். திரும்பி வந்த கப்பல்களில் ஜப்பானியச் செம்பு வந்தது. செம்பில்லாமல் பித்தளை ஏது? அந்தக் காலத்துக் குத்துவிளக்குகளிலும் குடங்களிலும் ஜப்பானியச் செம்பு கலந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

துணி போயிற்று, செம்பு வந்தது. ஆனால் ஜப்பானியக் குயவரின் தொழில்முறை இந்தக் கரைக்கு வர இன்னும் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

முதலில் அது வந்த இடம் டில்லி. குர்சரண் சிங் என்ற நிலவியல் பட்டதாரி 1919-இல் டோக்கியோ சென்று, ஹமாடாவும் கவாயும் பயின்ற அதே பள்ளியில் பீங்கான் தொழில் கற்றார். யானகியையும் அவர் நண்பர்களையும் அங்கே அறிந்துகொண்டார். 1952-இல் டில்லி நீலப் பாண்டத் தொழிலகத்தைத் தொடங்கினார். 1991-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1995-இல் மறைந்தார்.

தமிழ் நிலத்துக்கு வந்த வழி அமெரிக்காவைச் சுற்றி வந்த வழி. 1952-ஆம் ஆண்டு யானகியும் ஹமாடாவும், அவர்களுடைய ஆங்கிலேய நண்பர் பெர்னார்டு லீச்சும் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து செய்முறை விளக்கங்கள் நடத்தினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கற்பாண்டத் தொழில் தழைத்ததில் அந்தப் பயணத்துக்குப் பெரும் பங்குண்டு. அப்படித் தழைத்த தெற்குக் கலிபோர்னியாவில் பயின்ற இருவர் ரே மீக்கர், டெபரா ஸ்மித். டெபரா ஜப்பானிய மொழி அறிந்தவர். ஜப்பானுக்கே சென்று பிஜென்னிலும் கற்றவர். இருவரும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற தொழிலகத்தைத் தொடங்கினார்கள்.

நினைத்துப் பாருங்கள். 1,250 டிகிரியைத் தாண்டி எரிய வேண்டும். அந்த வெப்பத்தைத் தாங்கும் செங்கல் வேண்டும். உருகும் பூச்சுக்குச் சாம்பலும் கல்மாவும் வேண்டும். எரிபொருளோ விறகு. ஊருக்கு ஏற்ற கலவையைச் சோதித்துச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளர்களைச் சக்கரத்தில் உட்காரவைத்துப் பழக்கினார்கள். சில ஆண்டுகளில் கோப்பைகளும் தட்டுகளும் தேநீர்க் கெண்டிகளும் வெளிவந்தன. பிறகு நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் கற்பாண்டத் தொழிலகங்கள் பல இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒரு சூளையில் இருக்கிறது. புதுச்சேரிப் பாண்டம் என்று உங்கள் நண்பர் யாராவது பரிசளித்தால், ஜப்பானுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இனிக் கேட்க மாட்டீர்கள் அல்லவா?

மீக்கர் பாண்டத்தோடு நிற்கவில்லை. 1980-களின் நடுவில் பச்சை மண் கற்களால் வளைவுக் கூரையோடு வீடு கட்டி, உள்ளே செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிப் பல நாள் எரித்தார். வீடும் வெந்தது, உள்ளே வைத்ததும் வெந்தது. சிறந்த யோசனை, பரவலாகவில்லை. எரிபொருள் கணக்கு எளிதாக இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

பானைக்கு வருவோம்

புதுச்சேரியிலிருந்து நான் வாங்கி வந்த ஒரு கோப்பை என் மேசையில் இருந்தது. கறுப்புப் பூச்சு, விளிம்பில் மட்டும் துரு நிறம். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவனோடு கொசப்பேட்டைக்குப் போனேன். குயவர் குடியிருந்ததால் அந்தப் பேட்டைக்கு அப்பெயர். ஆனால் நான் போன தெருவில் இப்போது கைகளுக்கு வேலை தருவது களிமண் பிள்ளையாரும் கொலு பொம்மைகளும்தான். பொங்கலுக்கு விற்கும் பானைகளில் பலவும் வெளியூர்களிலிருந்து வண்டியில் வருகின்றன.

பெரியவர் கோப்பையை வாங்கியதும் பூச்சைப் பார்க்கவில்லை. கவிழ்த்தார். கட்டைவிரலால் அடிவளையத்தைச் சுற்றித் தடவினார். ஜப்பானியத் தேநீர் ஆசான்களும் கிண்ணத்தைக் கவிழ்த்து முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். பெரியவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

"அறுத்து எடுத்தப்புறம் திரும்பச் சக்கரத்துல வெச்சு அடிய செதுக்கிக்கிறான் சார். நல்ல கை" என்றார். பிறகு கேட்டார்: "இத்த அடுப்புல வெச்சா தாங்குமா?"

தாங்காது. பொதுவாக இத்தகைய இறுகிய கற்பாண்டத்தை நேரடித் தீயில் வைத்தால் விரிசல் விடும். என் தவறான விடைக்குத் திருத்தம் இங்கேதான் இருக்கிறது. அடியில் தீ படும்போது அடி விரிகிறது, மேற்பகுதி விரிவதில்லை. அந்த இழுபறியில் எங்காவது ஒரு நுண்விரிசல் தோன்றும். கண்ணாடி நிறைந்து இறுகிய சுவரில் அந்த விரிசல் தடையில்லாமல் ஓடிப் பாண்டத்தைப் பிளந்துவிடும். நம் சட்டியின் சுவரிலோ வழியெல்லாம் துளைகள், மணல் பருக்கைகள். விரிசல் ஒரு துளையை அடைந்தவுடன் அதன் முனை மழுங்கி நின்றுவிடுகிறது. அதனால்தான் குயவர் களிமண்ணோடு மணலைச் சேர்த்து மிதிக்கிறார். மேலும், சட்டியின் அடி உருண்டை. சக்கரத்தில் வனைந்ததை எடுத்து, உள்ளே ஒரு கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியைத் திரட்டுகிறார்கள். மூலை இல்லாத அடியில் வெப்பம் சீராகப் பரவுகிறது. விரிசல் தொடங்குவதற்கு ஏற்ற இடமே அங்கில்லை. உருண்டை அடி தரையில் நிற்காதே என்றால், அதற்குத்தான் பிரிமணை.

ஆக, பானை பாதி வழியில் நின்ற ஜாடி அல்ல. தண்ணீரைக் குளிர்விக்கவும் தீயைத் தாங்கவும் துளை வேண்டும். துளை வேண்டுமானால் 900 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிந்ததுதான் தொழில். ஜப்பானியருக்கும் இது தெரியும். கற்பாண்டத்தில் இவ்வளவு தேர்ந்தவர்கள், அடுப்பில் வைக்கும் டோனாபே சட்டிக்கு மட்டும் இகா என்ற வட்டாரத்து மண்ணைத் தேடிப் போகிறார்கள். பழங்காலத்து பிவா ஏரியின் படுகை மண் அது. அதிலிருக்கும் தொல்லுயிர் எச்சங்கள் எரிந்து போய்ச் சுவரெங்கும் துளைகளை விட்டுச் செல்கின்றன. அந்தச் சட்டியை நல்ல விலை கொடுத்து வாங்கி, விருந்தினர் முன் மேசையில் வைக்கிறார்கள். நாம் நம் சட்டியைப் பேரம் பேசி வாங்கி, புழக்கடையில் கவிழ்த்து வைக்கிறோம்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உடைந்த பானை ஓடு ஒன்று, ஜாடி ஓடு ஒன்று எடுத்து நன்றாகக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தண்ணீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பின் துணியால் துடைத்து மீண்டும் நிறுங்கள். பானை ஓட்டின் எடை நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கூடியிருக்கும். ஜாடி ஓட்டில் ஒன்றிரண்டு கூடினாலே அதிகம். எங்கள் ஆய்வகத்தில் இதை அந்த மாணவன்தான் செய்தான். பானை ஓட்டை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று மற்றவர்கள் கேட்டபோது, "எங்க தாத்தா பண்ணது" என்றான்.

அன்று கொசப்பேட்டையில் பெரியவர் கோப்பையைத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் கேட்டார். "இவ்ளோ சூடு ஏத்தணும்னா விறகு எவ்ளோ தின்னும்?"

பேரன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். ஒரு கிலோ மண், வெப்ப ஏற்பளவு கிராமுக்கு 0.25 கலோரி, 30 டிகிரியிலிருந்து 1,250 வரை ஏற்றினால் சுமார் 305 கிலோ கலோரி. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி தரும் என்று வைத்துக்கொண்டான்.

"கணக்குப்படி ஒரு கிலோ மண்ணுக்கு நூறு கிராம் விறகுகூட வேணாம் தாத்தா."

பெரியவர் சிரித்துவிட்டார். "அப்ப நீயே வந்து கொளுத்துடா" என்றார். சூளைச் சுவர் குடிப்பது எவ்வளவு, புகைவழி கொண்டுபோவது எவ்வளவு என்று அடுத்த அரை மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டோம்.